டாக்டரிடம் சொல்லாமல் குடித்த ராஸ்பெர்ரி இலை டீ

கர்ப்பத்தில் சர்க்கரை வந்து இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ராஸ்பெர்ரி இலை டீயைத் தொடவேண்டாம். அப்படியும் ஆசைப்பட்டால் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வாய்கூடக் குடிக்கவேண்டாம். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசமும், 41,680 ரூபாயும், அந்த ஐந்து நாளும் வயிற்றில் கை வைத்தபடியே அழுத அழுகையும் மிச்சமாகியிருக்கும். தமிழில் தேடிப் பார்த்தபோது "சுகப்பிரசவம் ஆகும்" என்ற ஒரு வரிதான் எல்லா இடத்திலும் கிடைத்தது. யார் குடிக்கக் கூடாது, எவ்வளவு, எதோடு சேர்க்கக் கூடாது என்பது எங்கேயும் இல்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எனக்குத் தலைச்சன் பிள்ளை. கணவர் கப்பல் வேலையில் இருந்தார், அம்மா செங்கல்பட்டில். பெரம்பூர் வீட்டில் பெரும்பாலும் நான் தனியாகத்தான். 26-வது வாரத்தில் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்தார்கள். வெறும் வயிறோ, சாப்பிட்ட வயிறோ, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அதுதான். சென்னையின் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷையா பாடுபட்டுப் பரவலாக்கிய முறை அது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. எனக்கு 168 இருந்தது. சாப்பாட்டைக் குறைத்தும் அடங்காததால் 29-வது வாரத்தில் இன்சுலின் ஆரம்பித்தார்கள். காலையில் 10 யூனிட், ராத்திரி 14 யூனிட். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ் இருக்கவேண்டும் என்றார்கள். ஓரளவு அதற்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

32-வது வாரம் இங்கிலாந்தில் இருக்கும் தோழி போன் செய்தாள். "ராஸ்பெர்ரி இலை டீ குடிடி, இங்கே எல்லாரும் கடைசி ரெண்டு மாசம் அதைத்தான் குடிப்பாங்க, ஆபரேஷன் இல்லாம பொறந்துடும்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை, அங்கே அது பழைய வழக்கம். அவளுக்குச் சர்க்கரை கிடையாது என்பதையும் எனக்கு உண்டு என்பதையும் நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அன்றைக்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். வந்தது சிவப்புப் பழம் படம் போட்ட டப்பா, 520 ரூபாய். எட்டு நாள் குடித்த பிறகுதான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: கறுப்புத் தேயிலை, ராஸ்பெர்ரி வாசனை. நாம் தினமும் போடும் டீத்தூளில் எசன்ஸ் கலந்தது, அவ்வளவுதான். அதில் கஃபீனும் உண்டு, கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகவேண்டாம் என்று சொல்லப்படுகிற அதே கஃபீன். ராஸ்பெர்ரி டீ வேறு, ராஸ்பெர்ரி இலை டீ வேறு. இலை டீயில் பழ வாசனை துளிக்கூட இருக்காது. கப்பிலிருந்து பழ வாசம் தூக்கலாக வந்தால் அது நீங்கள் தேடிய சரக்கு இல்லை.

அடுத்து 20 பை கொண்ட பாக்கெட் இரண்டு வாங்கினேன். ஒன்று 1,380 ரூபாய். இது அசல் இலைதான். ஒரு பையைக் கத்தரித்துத் தட்டில் கொட்டிப் பார்த்தால் தெரியும். டீத்தூள் மாதிரி உதிரியாகச் சரியாது. பஞ்சுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன உருண்டையாக நிற்கும். காரணம், ராஸ்பெர்ரி இலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை ரோமம். துணுக்கை விரலில் வைத்துத் திருப்பினால் மேல்பக்கம் மங்கிய பச்சை, அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. வாசனை காய்ந்த வைக்கோல் போல. வாங்கும்போது பொருட்பட்டியலில் "ரூபஸ் ஐடேயஸ், இலை" என்று செடியின் பெயரும் உறுப்பும் சேர்ந்து இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா, வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். "கர்ப்பிணி டீ" என்ற பெயரில் வருவதில் நாலைந்து மூலிகை கலந்திருக்கும், எது எவ்வளவு என்றே தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இதே குடும்பத்து முட்செடிகள் வளர்கின்றன. அவை வேறு இனம், ராஸ்பெர்ரி இலையை வைத்து நடத்திய எந்தச் சோதனையும் அவற்றுக்குப் பொருந்தாது.

சரியான சரக்கை வாங்கிவிட்டுத் தப்பாகக் காய்ச்சினேன். நம் வீட்டுப் பழக்கம், இலை என்றால் கஷாயம்தானே. ஒரு தடவைக்கு இரண்டு பையைப் பிரித்துக் கொட்டி, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டவைத்தேன். ஒரு பையில் 2 கிராம் இலை. முதல் நாள் ஒரு வேளை, இரண்டாம் நாள் இரண்டு வேளை, மூன்றாம் நாளிலிருந்து மூன்று வேளை. அதாவது ஒரு நாளைக்கு 12 கிராம். கர்ப்பிணிகளை வைத்து 2001-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் கொடுத்த அளவு எவ்வளவு தெரியுமா? 1.2 கிராம் மாத்திரை, நாளைக்கு இரண்டு. மொத்தமே 2.4 கிராம். நான் அதைப்போல ஐந்து மடங்கு குடித்திருக்கிறேன், அதையும் சுண்டக் காய்ச்சி. இந்த டீயை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. ஒரு பைக்கு 150 மில்லி கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டவேண்டும். கொதிக்கக் கொதிக்கத் துவர்ப்புச் சத்தான டானின் நிறைய இறங்கும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, என் கஷாயம் அப்படித்தான் இருந்தது. குமட்டலும் வந்தது. மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த டானினால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்புச் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. டானின் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதே கையோடு கஷாயத்தையும் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்கிவிடாது. ஆனால் 32-வது வாரத்தில் ஆரம்பித்து எட்டு வாரம் அப்படிக் குடிக்கிறவருக்கு மாத்திரை பாதி வீண்தான். இரும்பு மாத்திரைக்கும் எந்த டீக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள், சாதா டீ, காபிக்கும் இதே கணக்கு. கால்சியம் மாத்திரையையும் இரும்போடு சேர்த்துப் போடக்கூடாது. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடவேண்டும், இந்த டீயெல்லாம் அதற்குப் பிறகு.

கஷாயம் ஆரம்பித்த நாலாம் நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும், நைட்டி முழுக்க நனைந்து விழித்தேன். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது. கரண்ட் போய் வியர்க்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன், மேலே பார்த்தால் ஃபேன் ஓடுகிறது. சுகர் மெஷினில் 54 காட்டியது. பயத்தில் என்ன செய்வதென்றே புரியாமல் ஒரு சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டேன். அதுவும் தப்பு. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். 70-க்குக் கீழே போனால் செய்யவேண்டியது இது: மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை அதேபோல். 70-ஐத் தாண்டிய பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ சாப்பிடவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடவேண்டும். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் தனியாகப் படுக்கக் கூடாது என்பதையும் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். விடிந்ததும் அம்மாவை வரச் சொன்னேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "சாப்பாடு குறைச்சீங்களா? வாந்தி இருந்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ராத்திரி டோஸை 14-லிருந்து 10-ஆகக் குறைக்கச் சொன்னார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் 61. டோஸை 6 ஆக்கினார். ஆறாம் நாள் காலை வெறும் வயிற்றில் 63 என்றதும் குரல் மாறிவிட்டது. "உடனே அட்மிட் ஆகிடுங்க" என்றார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம், சுகர் குறைகிறதே, நல்லதுதானே என்று. விஷயம் நேர்மாறானது என்று ஆஸ்பத்திரியில்தான் புரியவைத்தார்கள். கர்ப்பத்தில் இன்சுலின் தேவையை ஏற்றுவது நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள். 34, 36 வாரம் வரை தேவை ஏறிக்கொண்டேதான் போகும். 33-வது வாரத்தில் காரணமே இல்லாமல் சடாரென்று இறங்கினால் நஞ்சுக்கொடி சோர்ந்துவிட்டதோ, பிள்ளைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லையோ என்றுதான் முதல் சந்தேகம் வரும். அதற்காக டாப்ளர் ஸ்கேன், காலை மாலை பிள்ளையின் இதயத்துடிப்பைத் தாளில் ஓடவிட்டுப் பார்ப்பது, இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வருகிறதா என்று என்னையே எண்ணச் சொன்னது. முன்கூட்டியே எடுக்கவேண்டி வந்தால் பிள்ளையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடவேண்டும், போட்டால் சுகர் எகிறும், அதற்கும் தயாராக இருங்கள் என்றார்கள். கணவர் நடுக்கடலில். யாரிடம் கேட்டு எங்கே கையெழுத்துப் போடுவது என்றே தெரியவில்லை. 33 வாரத்துப் பிள்ளையை நினைத்து அந்த ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

"வேற ஏதாவது மருந்து, மாத்திரை எடுத்துக்கறீங்களா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் இல்லை என்றேன். மறைக்கவேண்டும் என்று இல்லை. எனக்கு அது மருந்தாகவே படவில்லை, டீதானே! மறுநாள் காலை அம்மா பிளாஸ்க்கில் கஷாயம் கொண்டுவந்து மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பி.பி. பார்க்க வந்த நர்ஸ் அக்கா அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்றார். "இலைக் கஷாயம்மா. சுகப்பிரசவம் ஆகணும்னு ஒரு வாரமா குடிக்கிறா" என்றாள் அம்மா. நர்ஸ் அக்கா மூடியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏழு நாளில் 32 பை காலி, எட்டு மீதி. பத்து நிமிடத்தில் டாக்டர் வந்துவிட்டார். அவர் திட்டவில்லை. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, ஒரு வேளைக்கு எத்தனை பை, எப்படிக் காய்ச்சினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தேதியை இன்சுலின் சார்ட்டோடு வைத்துப் பார்த்தபோது, மூன்று வேளையாக ஏற்றின மறுநாளே சர்க்கரை இறங்க ஆரம்பித்திருந்தது.

டீயை நிறுத்தினோம். டாப்ளரும் இதயத்துடிப்பும் நன்றாகவே இருந்தன, ஸ்டீராய்டு ஊசி தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் 98, ஐந்தாம் நாள் ராத்திரி இன்சுலின் மறுபடி 12 யூனிட்டுக்கு ஏறிவிட்டது. டீதான் காரணம் என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை, ஆனால் வேறு எதையும் நாங்கள் மாற்றவில்லை. இதே மாதிரி ஒரு நிகழ்வு 2016-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது: கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண், 32-வது வாரம், ராஸ்பெர்ரி இலை டீ ஆரம்பித்ததும் சர்க்கரை தாழ்ந்து, இன்சுலினைக் குறைக்கவேண்டி வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு 38,400 ரூபாய். பேறுகாலக் காப்பீட்டுக்குக் காத்திருப்புக் காலம் முடியாததால் முழுக்கக் கைக்காசு.

இந்த இலையால் நன்மையே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கலாம். 1941-லேயே லான்செட் இதழில், கருப்பைத் தசையைத் தளர்த்தும் பொருள் இந்த இலையில் இருப்பதாக எழுதினார்கள். பின்னால் வந்த சோதனைகளில் சிலது தளர்த்துகிறது என்றன, சிலது இறுக்குகிறது என்றன. இலையைத் தயாரித்த விதம், கருப்பை எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது. மேலே சொன்ன 2001 ஆய்வில் 192 தலைச்சன் கர்ப்பிணிகள், எல்லாரும் சிக்கல் இல்லாதவர்கள். 32-வது வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்தார்கள். இடுப்பு வலி எடுத்துக் கர்ப்பப்பை வாய் திறக்கும் முதல் கட்டம் குறையவில்லை. முக்கித் தள்ளும் இரண்டாம் கட்டம் சுமார் பத்து நிமிடம் குறைந்தது. ஆயுதம் போட்டு எடுத்தது 30.4 சதவீதத்துக்குப் பதில் 19.3 சதவீதம், ஆனால் இத்தனை சின்னக் கூட்டத்தில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரும். தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் தெரியவில்லை. நான் எதிர்பார்த்த "ஆபரேஷன் இல்லாம பொறந்துடும்" அதில் எங்கேயும் இல்லை. அந்த ஆய்வில் என்னைப் போலச் சிக்கல் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை என்பதுதான் நான் தவறவிட்ட முக்கியமான வரி. ஐரோப்பிய மருந்து முகமை இந்த இலையை மாதவிலக்கு வலிக்கும், வாய், தொண்டைப் புண்ணுக்குக் கொப்பளிக்கவும், லேசான வயிற்றுப்போக்குக்கும் பாரம்பரிய மருந்தாக ஏற்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் போதிய தகவல் இல்லாததால் பரிந்துரைப்பதில்லை. 18 வயதுக்குக் கீழேயும் வேண்டாம் என்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொய்யாக் கொழுந்து மெல்லச் சொல்கிறோமே, அங்கேயும் வேலை செய்வது இதே துவர்ப்புதான். வயிற்றுப்போக்குக்கு 1,380 ரூபாய் பாக்கெட் தேவையே இல்லை.

சிக்கல் எதுவும் இல்லாமல், டாக்டரும் சரி என்று சொல்லி, குடித்தே தீருவேன் என்பவர்கள் 32 வாரத்துக்கு முன்னால் ஆரம்பிக்கவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கப், ஒரு பை, அதோடு ஒரு வாரம் பாருங்கள். முன்பு ஆபரேஷன் ஆனவர்கள், இரட்டைப் பிள்ளை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம், குறைமாசத்தில் பிறந்த முன்கதை இருப்பவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேண்டவே வேண்டாம். தேதி தாண்டிவிட்டது, வலி வரவேண்டும் என்று 40-வது வாரத்தில் அண்டா அண்டாவாகக் குடிப்பதும் வேண்டாம். அந்த ஆய்வில் இது பிரசவத்தை முன்னால் இழுக்கவே இல்லை. குடித்தபின் வயிறு கல்லுபோல இறுகி இறுகி விட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். சூட்டு வலி என்றால் தண்ணீர் குடித்து இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்ததும் அடங்கும். அடங்காமல், நேரம் தவறாமல், நெருங்கி நெருங்கி வந்தால் சீரகக் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு 38-வது வாரத்தில் மருந்து வைத்து வலி வரவழைத்தார்கள். பெண் பிள்ளை, 2.9 கிலோ, ஆபரேஷன் இல்லை. டீயை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

இப்போது இதைப் படிக்கும்போது உங்கள் கையில் அந்தக் கப் இருந்தால் பதறவேண்டாம். இன்றோடு நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்கவேண்டிய சங்கதி இல்லை இது. இன்சுலின் போடுகிறவர்கள் டோஸைத் தாங்களாக ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். நிறுத்திய பிறகு சர்க்கரை திரும்ப ஏறும் என்பதால் மூன்று நாலு நாளைக்கு வெறும் வயிற்றிலும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் குத்திப் பார்த்து எழுதிவையுங்கள். ஆரம்பித்த தேதி, ஒரு நாளைக்கு எத்தனை பை, ஊறவைத்ததா கொதிக்கவைத்ததா, கூடவே எந்த மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி, ஸ்கேன் ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். மிச்சப் பாக்கெட்டை வெட்கப்பட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தோடு அதையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.